மண்ணிலிருக்கும் கொன்றுண்ணி நூற்புழு: பிடிப்பதிலிருந்து பெயர் சொல்வது வரை முழுமையான வழிகாட்டி

மண்ணில் வாழும் நூற்புழுக்களில் மற்ற நூற்புழுக்களைப் பிடித்துத் தின்னும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அதில் மோனான்கிட் வரிசையைச் சேர்ந்தவைதான் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றவை. உடல் பெரியது, வாய்க்குழி அகலமானது, பல் தெளிவாகத் தெரியும். மண் எடுப்பது, புழுவைப் பிரிப்பது, உடற்கூறு பார்ப்பது, பேரினம் சொல்வது, கடைசியில் கொஞ்சம் சூழலியல் கணக்கு என்று வரிசையாகச் சொல்கிறேன்.

இந்தப் படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்வதால்தான் பலர் தடுமாறுகிறார்கள். உயிரோடு ஒரு தடவைகூடப் பார்க்காமல் புழுவை பார்மலினில் போட்டுவிடுவார்கள், அப்புறம் அது எப்படி நகர்ந்தது, என்ன தின்றது என்று சொல்ல வழியே இருக்காது. அல்லது பல்லைப் பார்த்த வேகத்தில் பெயர் எழுதிவிடுவார்கள், தொண்டைக்குழலைப் பார்த்திருந்தால் அது வேறு வரிசையென்று அங்கேயே தெரிந்திருக்கும்.

1. யாரைத் தேடுகிறோம்

கொன்றுண்ணி என்பது ஒரே குடும்பம் இல்லை. வேட்டையாடும் பழக்கம் நூற்புழுக்களில் பல கிளைகளில் தனித்தனியாக வந்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஆயுதம் வேறு.

மோனான்கிட்களுக்குக் கெட்டியான சுவர் கொண்ட பெரிய வாய்க்குழியும் அதற்குள் பல்லும் உண்டு. இரையை முழுதாக விழுங்கும், முடியாவிட்டால் கிழித்து உள்ளிருப்பதை உறிஞ்சும். டோரிலைமிட்களுக்குப் பல் கிடையாது, உள்ளே துளையுள்ள ஊசி இருக்கும்; அதில் பல வகைகள் பாசி, பூஞ்சை, சிறு விலங்கு என்று எல்லாம் தின்னும், சில வகைகள் மட்டுமே முழு வேட்டைக்காரர்கள். நைகோலைமஸ் இனத்தில் ஊசிக்குப் பதிலாகச் சுவரில் ஒட்டிய கூர்மையான பல் ஒன்று இருக்கும். டிப்ளோகாஸ்டர் கூட்டத்துக்கும் பல் உண்டு, ஆனால் அவை பாக்டீரியாவும் தின்னும், வேகமாகப் பெருகும். செய்னுரா என்ற சிறிய புழு மெல்லிய ஊசியால் குத்தி உமிழ்நீரைச் செலுத்தி, இரையைச் சில நொடிகளில் அசைவற்றதாக்கிவிடும்.

முதல் சில மாதிரிகளுக்கு மோனான்கிட்டை மட்டும் குறிவையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கற்க முயன்றால் எதுவும் மனதில் நிற்காது.

2. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

மண் எடுக்க ஒரு குழாய்க் கருவி, இல்லையென்றால் குறுகலான கரண்டி. பிளாஸ்டிக் பைகள், பென்சில், லேபிள். 2 வாளிகள். 2 மில்லிமீட்டர், 250, 75, 45 மைக்ரோமீட்டர் கண் அளவுள்ள சல்லடைகள். அகலமான ஆழமில்லாத தட்டு, அதற்குள் உட்காரும் வலைக்கூடை, ஈரத்தில் கிழியாத திசுத்தாள். பெட்ரி தட்டுகள், ஸ்லைடு, கவர் ஸ்லிப். புழுவைத் தூக்க மெல்லிய ஊசி, அல்லது குச்சியின் நுனியில் ஒட்டிய கண் இமை முடி. கீழிருந்து ஒளி வரும் ஸ்டீரியோ நுண்ணோக்கி, 1000 மடங்கு வரை போகும் கூட்டு நுண்ணோக்கி, அதன் கண்வில்லையில் அளவுகோல்.

மண்ணுக்குப் போகும் முன்பே தட்டையும் தாளையும் எடுத்து வையுங்கள். மண் வந்த பிறகு தாள் தேடினால் ஒரு நாள் தள்ளிப்போகும், அந்த ஒரு நாளில் பெரிய புழுக்கள்தான் முதலில் செத்துப்போகும்.

3. மண் எடுப்பது

உழாத, ஈரமுள்ள, இலைக்குப்பை கலந்த மண்ணில் தொடங்குங்கள்: மரத்தடி, பழைய புல்தரை, கரையோரம் எல்லாம் சரி. அடிக்கடி உழும் நிலத்தில் முதல் மாதிரி எடுத்து, ஒன்றும் கிடைக்காமல் மனம் தளர்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கிடைக்காததற்குக் காரணம் கடைசிப் பகுதியில் வரும்.

மேலே இருக்கும் காய்ந்த குப்பையை ஒதுக்கிவிட்டு 15 சென்டிமீட்டர் ஆழம் வரை எடுங்கள். ஒரே குழியில் நிறைய அள்ளாதீர்கள். இவை மண்ணில் சீராகப் பரவியிருப்பதில்லை, இரை எங்கே கூடுகிறதோ அங்கே திட்டுத்திட்டாக இருக்கும், அதனால் ஒரு குழியை நம்பினால் ஒன்றுமே வராது அல்லது அளவுக்கு மீறி வந்து ஏமாற்றும். 15 முதல் 20 இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து, அதிலிருந்து 200 கிராம் பிரித்தால் போதும்.

கலக்கும்போது கட்டிகளைக் கையால் மெதுவாக உடையுங்கள். நசுக்க வேண்டாம், காய்ந்த மண்போலத் தேய்த்துச் சலிக்கவே கூடாது. 2 மில்லிமீட்டர் நீளமும் மெல்லிய தோலும் உள்ள ஒரு விலங்கு இரண்டு மண்கட்டிகளுக்கு நடுவே உரசினால் பிழைக்காது. செடி ஒட்டுண்ணி நூற்புழுக்களுக்குப் பழகிய கைதான் இங்கே அதிகம் தவறு செய்கிறது, ஏனென்றால் அந்தச் சிறிய புழுக்கள் இந்த முரட்டுத்தனத்தைத் தாங்கிக்கொள்ளும்.

பையை நிழலில் வையுங்கள். வெயில் படும் வண்டிக்குள் சிறிது நேரம் இருந்தாலே மாதிரி வீணாகிவிடும். உடனே வேலை செய்ய முடியாவிட்டால் 10 டிகிரி செல்சியஸ் அளவில் வைக்கலாம், உறையவைக்கக் கூடாது. ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

4. மண்ணிலிருந்து பிரிப்பது

இதுதான் தோல்வி அதிகம் நடக்கும் இடம், அதனால் நிதானமாகப் படியுங்கள். சல்லடை முறையையும் தட்டு முறையையும் சேர்த்துச் செய்யப்போகிறோம். சல்லடை மண்ணின் பெரும் பங்கைக் கழித்துவிடும், மீதி அழுக்கிலிருந்து புழு தானே நகர்ந்து தண்ணீருக்குள் இறங்கிவரத் தட்டு இடம் கொடுக்கும்.

200 கிராம் மண்ணை வாளியில் போட்டு ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கையால் கலக்குங்கள், கட்டி கரையும் வரை. நிறுத்திவிட்டு 10 முதல் 15 நொடி மட்டும் காத்திருங்கள். மணல் அடியில் போய்விடும். வழிகாட்டிகள் பலவற்றில் அரை நிமிடம், அதற்கும் மேல் என்று இருக்கும்; அது சிறிய புழுக்களுக்குச் சரி. மோனான்கிட் தடிமனானது, மற்றவற்றைவிட வேகமாக மூழ்கும், அதிக நேரம் விட்டால் மணலோடு மணலாக வாளி அடியிலேயே தங்கிவிடும். அதே காரணத்தால் அடியில் தங்கிய மணலுக்கு மறுபடியும் தண்ணீர் ஊற்றி இன்னும் 2 தடவை இதைச் செய்யுங்கள்.

மேல்தண்ணீரை 2 மில்லிமீட்டர் சல்லடை வழியாக இரண்டாவது வாளிக்குள் ஊற்றி வேர், கல்லை விலக்குங்கள். பிறகு அதை 250, 75, 45 என்று வரிசையாக ஊற்றுங்கள். வளர்ந்த மோனான்கிட்கள் பெரும்பாலும் 75-இல் நிற்கும், இளம் புழுக்கள் 45-இல் நிற்கும். 250-இல் நிற்பதைக் கொட்டிவிடாதீர்கள், தடித்த உடல் கொண்ட ஒன்றிரண்டு அங்கே மாட்டியிருக்கும். சல்லடையைச் சாய்த்துப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து மெல்லிய நீரோட்டத்தால் ஒரு ஓரத்துக்கு ஒதுக்கிக் குவளைக்குள் இறக்குங்கள். குழாயை வேகமாகத் திறந்துவிட்டால் புழு கண்ணி வழியே தள்ளப்பட்டு அறுந்துபோகும்.

சரி, இப்போது தட்டு. வலைக்கூடையில் திசுத்தாளை விரித்து, குவளையில் இருப்பதை மெல்லிய படலமாகப் பரப்புங்கள். தட்டில் தண்ணீர் ஊற்றி, தாளின் அடிப்பக்கம் தொடும்படி மட்டும் வையுங்கள், மண் மூழ்கக் கூடாது. மண் படலம் தடித்தாலோ தண்ணீர் ஆழமாக இருந்தாலோ ஆக்சிஜன் குறைந்து புழு சோர்ந்துவிடும். புனலில் ரப்பர் குழாய் மாட்டிச் செய்யும் பேர்மன் முறையைவிட நான் ஆழமில்லாத தட்டையே சொல்வதற்கும் இதுதான் காரணம்: புனலின் குறுகிய காம்பில் இறங்கிய புழுக்கள் மூச்சுத் திணறிக் கிடக்கும். வேதியியல் ஆய்வகத்தின் நெருக்கமான வடிதாளும் வேண்டாம், இவ்வளவு பெரிய உடல் அதைத் தாண்டாது.

24 மணி நேரத்தில் முதல் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றி, 48-ஆவது மணி நேரத்தில் மறுபடி எடுங்கள். இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். மோனான்கிட் மெதுவாகத்தான் இறங்கும், முதல் நாளோடு நிறுத்தினால் பாதியை விட்டுவிடுவீர்கள். முதல் தண்ணீரை எடுத்த உடனே பாருங்கள், ஏனென்றால் கொன்றுண்ணியும் இரையும் இப்போது ஒரே பாத்திரத்தில் இருக்கின்றன. நேரம் போகப் போக நீங்கள் எண்ண வேண்டியதை அது தின்றுகொண்டிருக்கும்.

சர்க்கரைக் கரைசலில் மிதக்கவைத்து மையவிலக்கியில் சுற்றும் முறையும் இருக்கிறது. அடர்த்தி 1.18 வரும்படி கரைசல் செய்வார்கள். நகராத புழுவும் கிடைக்கும், வேகமாக முடியும், எண்ணிக்கை எடுக்க நல்லது. ஆனால் உயிரோடு பார்க்க இது ஏற்றதில்லை. அடர்ந்த சர்க்கரை உடலிலுள்ள நீரை இழுத்துவிடும், சில நிமிடங்களுக்குள் கழுவாவிட்டால் உடல் சுருங்கிப்போகும், அப்புறம் எடுக்கும் அகல அளவு எதையும் நம்ப முடியாது.

5. ஸ்டீரியோ நுண்ணோக்கியில் முதல் தேர்வு

தட்டிலிருந்து வந்த தண்ணீரைப் பெட்ரி தட்டில் ஊற்றி, அடியில் கோடு போட்ட தட்டாக இருந்தால் இன்னும் நல்லது, 40 மடங்கில் வரிசையாகப் பாருங்கள். மோனான்கிட்டின் முன்முனை வெட்டிவிட்டதுபோல் மழுங்கியிருக்கும், அதற்கு உடனே பின்னால் பீப்பாய் வடிவில் ஒரு கண்ணாடி அறை மின்னும். அதுதான் வாய்க்குழி. குடல் பெரும்பாலும் பழுப்பாகவும் கருமையாகவும் இருக்கும். உடல் நீளம் பல வகைகளில் 1 முதல் 3 மில்லிமீட்டர்.

பாக்டீரியா தின்னும் சிறு புழுக்கள் துடித்துக்கொண்டே இருக்கும். மோனான்கிட் வழுக்கிச் செல்லும், தலையை இருபக்கமும் ஆட்டித் தேடும். அசைவைக் கவனித்தால் வாயைப் பார்ப்பதற்கு முன்பே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

கண்டதும் ஊசியை அடியில் கொடுத்து நீர்ப்பரப்புக்கு ஏந்தி எடுத்து, சொட்டு நீருள்ள தனிக் குழிக்கு மாற்றுங்கள். ஒரு குழிக்கு ஒரு புழு. இரண்டை ஒன்றாக விட்டால் ஒன்று மற்றதைத் தின்னலாம், தன் இனம் என்று விடுவதில்லை.

6. கொல்வதற்கு முன் உயிரோடு பாருங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். ஒரு துளி நீரில் புழுவை வைத்து, கவர் ஸ்லிப்பின் மூலைகளுக்குக் கீழே சிறிது மெழுகு வைத்து மெதுவாக மூடுங்கள். மெழுகு இல்லாவிட்டால் கண்ணாடியின் எடை புழுவை நசுக்கும். 100 மடங்கில் தொடங்கி 400-க்குப் போங்கள்.

முதலில் தொண்டைக்குழல் துடிப்பதைப் பாருங்கள். அப்புறம் குடலுக்குள் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். இரையின் மென்மையான உடல் செரித்துவிடும், கெட்டியான பாகங்கள் தங்கும்: செடி ஒட்டுண்ணியின் ஊசி, பானைப்புழு என்ற சிறு வெண்ணிற மண்புழு வகையின் முள், சில சமயம் இன்னும் முழு உருவம் தெரியும் நூற்புழு. அது கடைசியாக என்ன சாப்பிட்டது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடையாது. கிளிசரினில் ஏற்றும் நேரத்தில் இதில் பாதி மங்கிவிடும். பார்த்ததை அங்கேயே வரையுங்கள், படம் எடுத்தாலும் வரையுங்கள், ஏனென்றால் வரையும்போதுதான் பல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண் கேட்கும்.

7. கொன்று நிலைப்படுத்துவது

சிறு குழாயில் மிகக் குறைந்த தண்ணீரில் புழுவை வைத்து 60 டிகிரி செல்சியஸ் நீரில் ஒன்றிரண்டு நிமிடம் பிடியுங்கள். உடல் தளர்ந்து லேசான வளைவோடு நிற்கும். குளிர்ந்த பார்மலினை நேராக ஊற்றினால் புழு சுருண்டு முறுக்கிக்கொண்டு சாகும், பிறகு நீளமும் எடுக்க முடியாது, பக்கவாட்டுக் காட்சியும் கிடைக்காது. அதிகம் கொதிக்கவைத்தாலும் உள்ளுறுப்பு கலங்கிவிடும்.

வெப்பத்தில் தளர்ந்த பிறகு 4 சதவீத பார்மலினுக்கு மாற்றி ஒரு நாளாவது வையுங்கள். பார்மலின் ஆவி கண்ணுக்கும் மூச்சுக்கும் கெடுதல், கையுறை போட்டு ஆவி வெளியேறும் அலமாரிக்குள் செய்யுங்கள்.

நீண்ட காலம் வைத்திருக்க கிளிசரினுக்குக் கொண்டுபோக வேண்டும். 96 சதவீத எத்தனால் 20 பங்கு, கிளிசரின் 1 பங்கு, தண்ணீர் 79 பங்கு கலந்த கரைசலில் புழுவை விட்டு, எத்தனால் ஆவி நிறைந்த மூடிய பாத்திரத்தில் 35 முதல் 40 டிகிரியில் ஓரிரவு வையுங்கள். அடுத்து 96 சதவீத எத்தனால் 95 பங்கு, கிளிசரின் 5 பங்கு கலந்ததைச் சேர்த்து, எத்தனால் மெல்ல ஆவியாகிக் கிளிசரின் மட்டும் நிற்கும் வரை விடுங்கள். அவசரப்பட்டால் தோல் குழிந்து உடல் சப்பையாகிவிடும். தண்ணீர் வெளியேறும் வேகத்துக்குக் கிளிசரின் உள்ளே போகவில்லை என்பதுதான் அதன் பொருள்.

8. உடற்கூறு: தலையிலிருந்து வால் வரை

முதலில் புழு எந்தப் பக்கமாகப் படுத்திருக்கிறது என்று முடிவு செய்யுங்கள். இதைச் செய்யாமல் "பல்லே இல்லை" என்று எழுதிவிடுவதுதான் நான் அதிகம் திருத்தும் தவறு. மோனான்கிட்டின் பெரிய பல் முதுகுப்புறச் சுவரில் இருக்கிறது. மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் அது நடுவில் ஒரு மங்கிய நிழலாகத்தான் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால்தான் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். பெண் புழுவின் வல்வா, அதாவது இனப்பெருக்கத் திறப்பு, வயிற்றுப்புறத்தில் திறக்கிறது. ஆகவே வல்வா உடலின் விளிம்பில் தெரிந்தால் பக்கவாட்டுக் காட்சி சரி, பல் அதற்கு எதிர்ச் சுவரில் இருக்க வேண்டும். வல்வா உடலின் நடுவில் ஒரு கீறலாகத் தெரிந்தால் கவர் ஸ்லிப்பை லேசாகத் தள்ளிப் புழுவை உருட்டுங்கள்.

உதடுகள் ஆறு, அவற்றில் தொடு உணர்வுப் புடைப்புகள். இருபக்கமும் சிறிய கிண்ணம்போன்ற ஆம்பிட் என்ற வேதிப்பொருள் உணர் உறுப்பு இருக்கும். அதன் திறப்பு மிகச் சிறியது, எண்ணெய்த் துளி வைத்துப் பார்க்கும் ஆயில் வில்லை இல்லாமல் தேடி நேரம் வீணாக்காதீர்கள்.

வாய்க்குழியில் நிறைய நேரம் செலவிடுங்கள். குழியின் வடிவம் பீப்பாயா, அடி குறுகிய கோப்பையா? பல்லின் நுனி குழியின் முன்பகுதியில் இருக்கிறதா, அடியிலா? நுனி முன்னோக்கியா, பின்னோக்கியா? எதிர்ச் சுவரில் மேடு இருந்தால் அது வழவழப்பா, நுண்பற்கள் உண்டா? இந்த நான்கு கேள்விக்கும் பதில் எழுதிவிட்டால் பேரினம் பெரும்பாலும் கிடைத்துவிடும். குவியத்தை ஒரே மட்டத்தில் நிறுத்தாமல் மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே இருங்கள், ஏனென்றால் நுண்பற்கள் இருக்கும் சுவர் பல் இருக்கும் அதே தளத்தில் இல்லை.

அடுத்து தொண்டைக்குழல். மோனான்கிட்டில் இது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமனில் தசை நிறைந்த உருளை, எங்கும் குமிழ் கிடையாது, பல வகைகளில் உடல் நீளத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு இருக்கும். முழு இரையை உள்ளே இழுக்க இவ்வளவு தசை தேவைப்படுகிறது. டோரிலைமிட்டில் முன்பாதி மெலிந்து பின்பாதி தடித்திருக்கும். டிப்ளோகாஸ்டரில் நடுவில் தசைக்குமிழ் இருக்கும். பல் இருக்கிறது, நடுக்குமிழும் இருக்கிறது என்றால் அது மோனான்கிட் இல்லை, அவ்வளவுதான்.

தொண்டைக்குழல் குடலோடு சேரும் இடத்தையும் பாருங்கள். சில குடும்பங்களில் அங்கே சிறு புடைப்புகள் இருக்கும், சிலவற்றில் இருக்காது. பிரித்தறிய இது நல்ல அடையாளம். குடலின் கடைசியில் டோரிலைமிட்டுக்கு முன்மலக்குடல் என்ற தனிப் பகுதி உண்டு, மோனான்கிட்டுக்கு இல்லை. பல வகைகளில் ஆண் மிக அரிது, பெண்ணே தனியாக இனம் பெருக்கும். ஆண் கிடைத்தால் ஸ்பிக்யூல் என்ற வளைந்த இனச்சேர்க்கை முள் ஜோடியும் வயிற்றுப்புறத்தில் வரிசையாகப் புடைப்புகளும் தெரியும்.

வாலில் பல இனங்களுக்கு 3 சுரப்பிகளும் நுனியில் ஒரு திறப்பும் உண்டு. அதிலிருந்து வரும் பசையால் மண்துகளில் ஒட்டிக்கொள்ளும்.

9. பேரினம் பிரிப்பது

அடிக்கடி கிடைக்கும் ஆறு பேரினங்களை மட்டும் சொல்கிறேன். பெரிய முதுகுப்புறப் பல், கோப்பை வடிவ வாய், எதிர்ச் சுவரில் அரம்போல வரிசையாக நுண்பற்கள் என்றால் மைலான்குலஸ். பல் முன்பகுதியில், எதிர்ச் சுவரில் நீளவாக்கில் வழவழப்பான மேடு, குட்டையான கூம்பு வால் என்றால் கிளார்கஸ். அந்த மேட்டில் பற்கள் இருந்தால் பிரையான்குலஸ். பல் முன்பகுதியில் இருந்து, வால் நீண்டு, சுரப்பிகளும் நுனித் திறப்பும் தெளிவாக இருந்தால் மோனான்கஸ் என்று பாருங்கள், ஈரம் அதிகமான இடத்தில் வரும். பல் சிறியதாகக் குழியின் அடிப்பகுதியில் இருந்து, குடல் சந்திப்பில் புடைப்புகளும் இருந்தால் ஐயோடான்கஸ். மூன்று சமமான பற்கள் பின்னோக்கி வளைந்திருந்தால் அனடான்கஸ்.

இளம் புழுவை வைத்துச் சிற்றினப் பெயர் எழுதாதீர்கள். நூற்புழு 4 தடவை தோலுரித்துத்தான் முதிர்ச்சி அடைகிறது, மூன்றாம் நிலையில் இருக்கும் பெரிய இனம் ஒன்று, முதிர்ந்த சிறிய இனத்தின் அளவில் இருக்கலாம். வல்வா திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அளவுகளைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

10. அளவுகள்

நூற்புழு அளவுகளை எழுத்துகளால் குறிப்பார்கள். மொத்த நீளத்தை அதிகபட்ச அகலத்தால் வகுத்தால் ஏ. தொண்டைக்குழல் நீளத்தால் வகுத்தால் பி. வால் நீளத்தால் வகுத்தால் சி. தலையிலிருந்து வல்வா வரையான தூரம் நீளத்தில் எத்தனை சதவீதம் என்பது வி. வாய்க்குழியின் நீளம், அகலம், அதன் அடியிலிருந்து பல் நுனி எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், மோனான்கிட்டில் இவை மிக முக்கியம். நீளத்தை உடலின் நடுக்கோட்டு வளைவோடு அளக்க வேண்டும், முனைக்கு முனை நேர்கோடு எடுத்தால் குறைவாக வரும். கவர் ஸ்லிப் நசுக்கிய புழுவில் அகலம் கூடி, ஏ குறைந்து, வேறு இனமாகத் தோன்றும்.

11. வேட்டையைச் சோதிப்பது

1 சதவீத அகார் கூழைச் சிறு பெட்ரி தட்டில் மெல்லியதாக ஊற்றுங்கள். அதில் ஒரே ஒரு கொன்றுண்ணியும், எண்ணி வைத்த 25 அல்லது 50 இரைப்புழுக்களும். வேர்முடிச்சு நூற்புழுவின் இரண்டாம் நிலை இளம்புழு நல்ல இரை. கொன்றுண்ணி இல்லாமல் அதே எண்ணிக்கை இரை வைத்த தட்டுகளையும் கட்டாயம் வையுங்கள். தானாகச் சாகும் இரையும், தட்டின் சுவரில் ஏறி உலர்ந்துபோகும் இரையும் இல்லாமல் இருக்காது, அதைக் கழிக்காமல் "தின்றது" என்று எழுதினால் தவறு. குறைந்தது 10 தட்டு வேண்டும், ஒரு புழுவுக்கும் இன்னொன்றுக்கும் பசி அவ்வளவு வேறுபடும்.

உதடு இரையின் மேல் பட்ட பிறகுதான் தாக்குதல் தொடங்குவதைப் பார்ப்பீர்கள். உதடு ஒட்டும், தொண்டைக்குழல் இழுக்கும், பல் கிழிக்கும். பல இரைகள் தப்பிவிடும். வேகமாக நகர்பவை ஓடிவிடும், தடித்த வளையங்கள் கொண்ட தோலுள்ளவை பல்லுக்கு எளிதில் அகப்படாது. நூற்புழு மட்டுமல்ல, ரோட்டிஃபர், நீர்க்கரடி போன்ற நுண்விலங்குகள், சிறு பானைப்புழு எல்லாமே இவற்றின் இரைதான்.

அகாரில் கிடைக்கும் எண்ணை மண்ணுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஸ்டைனர், ஹெயின்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1922-இல் வெளியிட்ட கவனிப்பில் ஒரு கிளார்கஸ் ஒரே நாளில் 83 வேர்முடிச்சு இளம்புழுக்களையும், வாழ்நாளில் 1332-ஐயும் கொன்றதாக இருக்கிறது. அது இரை சுற்றிலும் குவிந்து கிடக்கும் தட்டில். மண்ணில் இரை சிறு துளைகளுக்குள் ஒளிந்திருக்கிறது, பெரிய உடல் கொண்ட கொன்றுண்ணியால் அந்தத் துளைக்குள் நுழையவே முடியாது.

நீண்ட நாள் வளர்க்க நினைத்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: மோனான்கிட்கள் வளர்ப்பில் கடினமானவை. முட்டையிலிருந்து முதிர்ச்சிக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் அகாரில் பாக்டீரியா மூடிவிடும். வேட்டையை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டுமென்றால் டிப்ளோகாஸ்டர் கூட்டம் எளிது. அதில் பிரிஸ்டியான்கஸ் பசிஃபிகஸ் என்ற இனத்தில் ஒரே இனத்துக்குள் இரண்டு வகை வாய் வரும். அகல வாய் கொண்டது வேட்டையாடும், குறுகிய வாய் கொண்டது பாக்டீரியாவோடு நின்றுவிடும். அதனால் வாயைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிறகே சோதனையில் விடுங்கள்.

12. எண்ணிக்கையிலிருந்து மண்ணைப் படிப்பது

மொத்த நூற்புழுக்களில் கொன்றுண்ணிகள் பெரும்பாலும் சிறு பங்குதான். அதனால் 100 புழுக்களை மட்டும் அடையாளம் கண்டு நிறுத்தினால் ஒன்றிரண்டோ பூஜ்யமோ வரும், அதை வைத்து இரண்டு நிலங்களை ஒப்பிட முடியாது. முழுத் தட்டையும் பார்த்துக் கொன்றுண்ணியைத் தனியாக எண்ணுங்கள், மற்றவற்றில் 150 அல்லது 200-ஐ அடையாளம் காணுங்கள்.

நூற்புழு ஆய்வாளர் டாம் போங்கர்ஸ் 1990-இல் கொடுத்த முதிர்ச்சிக் குறியீடு, அதாவது மண் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று காட்டும் சராசரி எண், இங்கே பயன்படும். மண்ணில் இடையூறு வந்ததும் வேகமாகப் பெருகும் குடும்பங்களுக்கு 1, மெதுவாக வளர்ந்து அமைதியான மண்ணில் நிற்பவற்றுக்கு 5 என்று மதிப்பு. மோனான்கிட்டுக்கு 4, டிப்ளோகாஸ்டருக்கு 1. இரண்டுமே நூற்புழுவைத் தின்றாலும் மண்ணைப் பற்றி எதிரெதிர் செய்தி சொல்கின்றன, 8-ஆம் படியில் நடுக்குமிழைப் பார்க்கச் சொன்னதன் பலன் இங்கேதான் வருகிறது. கணக்கு எளிது. செடி ஒட்டுண்ணிகளை விட்டுவிட்டு 200 புழுக்களில் 60-க்கு மதிப்பு 1, 80-க்கு 2, 40-க்கு 3, 20-க்கு 4 என்று வைத்துக்கொண்டால், பெருக்கிக் கூட்ட 420 வரும், 200-ஆல் வகுத்தால் 2.1.

உழவு மோனான்கிட்டைப் பல வழிகளில் தாக்குகிறது. பெரிய உடல் நேராகவே அடிபடும், அது நகரும் பெரிய துளைகள் இடிந்துபோகும், மண் சீக்கிரம் காயும். நூற்புழு மண்துகளைச் சுற்றியுள்ள நீர்ப்படலத்தில்தான் நீந்துகிறது, பெரிய உடலுக்குத் தடித்த படலம் வேண்டும். எண்ணிக்கை ஒரு தடவை விழுந்தால் திரும்ப வர நெடுநாள் பிடிக்கும், ஏனென்றால் தலைமுறை நீளமானது, முட்டை குறைவு. கனிம நைட்ரஜன் அதிகம் போடும் நிலத்திலும், கன உலோகம் சேர்ந்த மண்ணிலும் இவை முதலில் குறைகின்றன.

கொன்றுண்ணி அதிகமுள்ள மண்ணில் செடி ஒட்டுண்ணியும் அதிகம் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இரை இருக்கும் இடத்தில் வேட்டைக்காரன் பெருகுவது இயல்பு, அந்த ஒரு நாள் எண்ணிக்கையிலிருந்து யார் யாரைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்று சொல்லவே முடியாது. ஒரே இடத்தில் பருவம்தோறும் எடுத்து, ஒட்டுண்ணி உச்சம் தொட்ட பிறகு கொன்றுண்ணி ஏறுகிறதா, அதற்குப் பின் ஒட்டுண்ணி இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினாலும் வெப்பம், ஈரம், பயிரின் வயது ஆகிய மூன்றையும் அதே தாளில் குறித்திருக்க வேண்டும், ஏனென்றால் வேர் முதிர்ந்தாலே ஒட்டுண்ணி தானாகக் குறையும். ஒவ்வொரு மாதிரியிலும் சில கொன்றுண்ணிகளின் குடலை நுண்ணோக்கியில் கவனமாகப் பார்த்து, எத்தனையில் செடி ஒட்டுண்ணியின் ஊசி இருந்தது என்று எழுதுங்கள். அந்தப் பத்தி இல்லாத அட்டவணையில் கொன்றுண்ணி அந்த ஒட்டுண்ணியைத் தின்றது என்று எழுத ஆதாரம் கிடையாது.